ஒன்றாக ஓடிய இரண்டு கோடுகள்

மார்ச் 4

என் நர்ஸம்மாவுக்கு,

போனில் பேசலாம் என்றால் இரட்டைகளில் ஒன்று தூங்கினால் மற்றொன்று அழுகிறது. அதனால்தான் கடிதம். அம்மா வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். பெரியது பசி வந்தால் ஊரைக் கூட்டுகிறது. சின்னது நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. இதயத் துடிப்பு மறுபடி தறிகெட்டு ஓடாமலிருக்க இன்னும் ஆறு மாதம் மருந்து கொடுக்க வேண்டுமாம்.

உன் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், வயிற்றிலேயே அதை நீ கண்டுபிடிக்காவிட்டால் சின்னது இல்லை என்று சொல்லி மாய்ந்துபோகிறார். நீயோ மூன்று வாரமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி என்ன கோபம்?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கோபமெல்லாம் இல்லை. வார்டில் ஆள் குறைவு, லீவு கிடைக்கவில்லை. சின்னதுக்கு மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். கக்கிவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். அண்ணனை என் பேச்சை விடச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 17

நர்ஸம்மா,

கடிதம் கேட்டால் மருந்துச் சீட்டு அனுப்புகிறாயே. சரி, கேள். மாதக் கடைசியில் பெயர் வைக்கிறோம். சின்னதுக்கு உன் பெயர்தான். வேண்டாம் என்றால் சண்டைக்கு வருவேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 22

அண்ணி,

என் பெயரை வைக்காதீர்கள். ஏன் என்று சொல்லாமல் இனி இருக்க முடியாது.

சின்னதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. நீங்கள் வார்டில் இருந்தபோது திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உங்கள் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பைப் பதிவு செய்தவள் நான். இரண்டு குழந்தைக்கு இரண்டு கருவி. காகிதத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. பிள்ளைகளின் ஒற்றுமையைப் பாருங்கள் என்று உங்களிடம் காட்டிச் சிரித்தேன். இரண்டு இதயங்கள் அப்படி ஒத்துத் துடிக்காது அண்ணி. இரண்டு கருவியும் பெரியதின் துடிப்பையே பிடித்திருந்தன. கோடுகள் ஒத்துப்போனால் ஸ்கேன் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இயந்திரம் எச்சரிக்கை அடித்தது, சும்மா கத்துகிறது என்று அணைத்தேன். இருவரும் நலம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

புதன்கிழமை வேறொரு நர்ஸ் கருவியை நகர்த்தித் தேடினாள். சின்னதின் இதயம் நிமிடத்துக்கு இருநூற்றிருபது தடவை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அதன் உடம்பில் நீர் கோத்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கு மருந்து கொடுத்து, உங்கள் வழியாகவே துடிப்பை அடக்கப் பார்த்திருப்பார்கள். அப்படி அவசரமாக ஆபரேஷனுக்குப் போக வேண்டி வந்திருக்காது.

டாக்டர் வெளியே வந்து, "நர்ஸ்தான் கண்டுபிடிச்சாங்க" என்றார். அண்ணன் அது நான்தான் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

நாத்தனார்

மார்ச் 29

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றை விட்டுவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை காலையில், சின்னது இருந்த இடப்பக்கம் முன்போல அசைவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ காகிதத்தைக் காட்டி, "மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்றாய். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வயிற்றை விட்டு உன்னை நம்பினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் சின்னதின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

கருவி காட்டிய தப்பை மன்னித்துவிடுவேன். இதை எப்போது மன்னிப்பேன் என்று தெரியவில்லை. உனக்கு இது நினைவில்லையா, எழுதக் கை வரவில்லையா என்றும் தெரியவில்லை.

உன் அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன். நேற்றுகூட உன் புகழைத்தான் பாடினார். நீயே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல். இதையும் சேர்த்துச் சொல். அதுவரை சின்னதை உன் கையில் தரமாட்டேன்.

அண்ணி