பிஸ்கட் இல்லாத சாயங்காலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமா இருப்பீங்கன்னு நம்பி எழுதறேன், இங்க நானும் தையல் மெஷினும் ஓடிக்கிட்டுதான் இருக்கோம், முழங்கால் மட்டும் அப்பப்போ தகராறு பண்ணுது. போன்லயே சொல்லலாம்தான், ஆனா நீ சமையலுக்கும் ஆபீசுக்கும் நடுவுல பேசறப்போ எனக்குச் சொல்ல வந்தது பாதி தொண்டையிலயே நின்னுடுது.

எதிர் வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா குடிவந்திருக்கா, ஒத்தையா மகளை வளர்க்கறா. அது ரெண்டாங்கிளாஸ், சரியான வாலு, நான் கூப்பிடறதும் அப்படித்தான். அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட்டுன்னா ஸ்கூல் விட்டதும் நம்ம வீட்டுக்கு வந்துடும். உங்க அம்மா போனதுக்கப்புறம் நம்ம கதவைத் தட்டறவங்க எல்லாம் பேன்ட் உயரம் குறைக்க வர்றவங்கதான், துணியைக் கொடுத்துட்டு வாசலோட போயிடுவாங்க, இது ஒண்ணுதான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து உட்காரும். அதுக்காகவே க்ரீம் பிஸ்கட், ஜவ்வு மிட்டாய், டப்பா ஜூஸ்னு வாங்கி வைப்பேன். சாயங்காலம் பூரா கொறிக்கும், ஜூஸை ஒரு வாய் உறிஞ்சும், நூலுக்கு ஏன் நுனி இருக்கு, பொத்தானுக்கு ஏன் நாலு கண்ணுன்னு கேக்கும், மறுபடி ஒரு வாய் உறிஞ்சும். எனக்குப் பொழுது போறதே தெரியாது.

ஒரு நாள் கடைவாயைப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு அழுகை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், அவ அம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இருந்தா, நீங்களே கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்னு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினா. தெருமுனைப் பல் டாக்டர்கிட்ட போனோம். அங்க சீட்டு எழுதற பொண்ணு, குழந்தைக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டா. எதிர் வீட்டுக்காரன்னு சொல்லியிருக்கணும், தாத்தான்னு வாயில வந்துடுச்சு. வாலு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு, இல்லைன்னு சொல்லலை, என் விரலை இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. நீ தப்பா எடுத்துக்காதேம்மா.

பல்லுல ஓட்டை, அடைச்சுடலாம்னாங்க டாக்டரம்மா. எவ்வளவு இனிப்புங்கறதை விட எத்தனை தடவைங்கறதுதான் பல்லை அரிக்குமாம், ஒட்டற மிட்டாயும் பிஸ்கட்டும் பல் இடுக்குலயே உட்கார்ந்துக்குமாம், உறிஞ்சிக்கிட்டே இருக்கற ஜூஸும் அப்படித்தானாம். அதுக்குள்ள நர்ஸம்மாவும் வந்துட்டா. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லலை, அதுதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

மறுநாள் ஆப்பிள், வெள்ளரிக்காய், கொஞ்சம் சீஸ் எல்லாம் நறுக்கி வெச்சேன், குடிக்க வெறும் தண்ணி. தட்டைப் பார்த்துட்டு நான் என்ன முயலான்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் வரலை. மேல் மாடியில அது வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு, நம்ம கதவைத் தாண்டி தடதடன்னு படியேறிப் போற சத்தம் மட்டும் கேக்கும். கடைக்குப் போய் ஜவ்வு மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில எடுத்தேன், கடைக்காரர் பை வேணுமான்னு கேட்டார், வேண்டாம்னு திருப்பி வெச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டேன், எதுக்குத் திட்டினேன்னுதான் தெரியலை.

அப்புறம் ஒரு சாயங்காலம் தானே வந்து உட்கார்ந்துச்சு. மேல் வீட்டுல கேள்வி கேட்டா டிவி மறைக்காதேங்கறாங்க தாத்தான்னுச்சு. முயல் சாப்பாடு இருக்கான்னும் கேட்டுச்சு. ஊசியில நூல் கோக்கறவன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

இப்போ அவ அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் கிடைச்சிருக்கு, மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துடறா. நல்லதுதானே, குழந்தைக்கு அம்மா கிடைச்சா. வாலு சனிக்கிழமை மட்டும் எட்டிப் பார்க்கும். மத்த நாள்ல எதிர்க்கதவு சாத்தியிருக்கும், உள்ள ரெண்டு பேரும் சிரிக்கறது கேக்கும், நான் மெஷினை நிறுத்திட்டுக் கேப்பேன்.

பேரன் விஷயத்துக்கு வர்றேன். பால் பாட்டிலை வாயில வெச்சபடி தூங்க விடாதே. நொறுக்குத்தீனிக்குன்னு ஒரு நேரம் வெச்சுக்கோ, அழும்போதெல்லாம் பிஸ்கட்டைத் திணிக்காதே. கேரட்டை வேகவெச்சுக் கொடு, பச்சைக் கேரட்டோ முழுக் கடலையோ கொடுத்தா இந்த வயசுல தொண்டையில அடைச்சுக்கும். உனக்குத் தெரியாததில்லை, எழுதத் தோணுச்சு. அவனுக்குக் கடைவாய்ப் பல் வந்துடுச்சா? எதிர் வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பல் அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியுது, என் பேரனுக்கு எத்தனை பல்லுன்னு தெரியலை.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருங்க, மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. அடுத்த தடவை போன்ல முகம் பார்த்துப் பேசும்போது பையனைக் கொஞ்சம் சிரிக்க வை, நான் எண்ணிக்கறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா