பூவம்மாவின் இரண்டாவது பதில்

மச்சானுக்கு, சலாம்.

சிறுநீர்ப்பை நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளை ஆஸ்பத்திரியில் நாங்கள் தமிழாக்கியதைச் சொல்லியிருந்தேனே. தமிழ் சரியாக விளங்குகிறதா, பதில் மாறாமல் வருகிறதா என்று பார்க்க, அதே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். அதற்காக இன்று எர்ணாவூரில் பூவம்மா வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடு. தனியாகத்தான் இருக்கிறார்.

"இரவில் எத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது?"

போன முறை ஆறு என்றவர், இன்று மூன்று என்றார். குறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"கொறையல கண்ணு. போன தபா அவுரோடதையும் சேத்து சொல்லிட்டேன்."

அவர் கணவரை அலை கொண்டுபோய்விட்டது. எங்கள் கேள்வியில் 'நீங்கள்' என்ற சொல்லே இல்லை, பிசகு எங்களுடையதுதான். அதைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே கழிவறையில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். பட்டப்பகல், மச்சான்.

நான் பூவம்மாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுரு பகல்ல வரமாட்டாரு. உங்கூட யாரு கண்ணு வந்துகீறாங்க?"

யாரும் இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்கிறார், நன்றாக இருக்கிறார் என்று அவர் கேட்காமலே சொன்னேன். அந்தக் கதவைத் திறந்து பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் கப்பல் கம்பெனிக்கு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. இதை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும், மச்சான்?

உங்கள் மனைவி