மாமனார் வடித்த ஒயின்

5-11-1944, ஞாயிறு

சாந்தோமில் பூசை பார்த்துவிட்டு வழக்கம்போல மாமனார் வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல தண்டனையும். இன்றைக்கு நெல்லிக்காய் ஒயின். இரண்டு வாய் குடிப்பதற்குள் தாடை கட்டிக்கொண்டது. "எப்படி மாப்பிள்ளை?" என்கிறார்.

யாரிடம் கேட்கிறார்! மவுண்ட் ரோடில் சீமை மதுக்கடையில் தலை நரைத்த பின்னும் விற்பனை பார்க்கிறவன் நான். பிரெஞ்சுப் பாட்டிலின் தக்கையை மோந்தே ரகம் சொல்வேன். "வித்தியாசமா இருக்கு மாமா" என்றேன். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பவுல்சாமி மாமா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படம் வரையத் தெரிந்தால் ஒயின் வடிக்கவும் வரும் என்று யார் சொன்னார்கள்? சமையலறையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் வாயில் துணி வேடு கட்டிய ஊறுகாய் ஜாடிகள். ரேஷனில் சர்க்கரை போதாதாம், வெல்லத்தைத் தட்டிப் போடுகிறார். ஒயினில் வெல்லம்!

எல்லாம் மர்சலின் வந்தால் குடிப்பதற்காம். மர்சலின் என் மனைவி ஃப்ளோராவின் அண்ணன். குமாஸ்தா வேலைக்குச் சிங்கப்பூர் போனான். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. அவன் வருவானாம், இதைக் குடிப்பானாம். வந்தவன் அடுத்த கப்பலிலேயே திரும்பிப் போகத்தான் வழி.

12-11-1944

இன்று இஞ்சி. இருமல் மருந்தில் லேபிளை மட்டும் மாற்றி ஒட்டினது போல.

19-11-1944, ஞாயிறு

நாவல்பழ ஒயின் ஒரு பாட்டிலை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். தி. நகர் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தேன். ஃப்ளோரா இறங்கி உள்ளே போனதும் பாட்டிலை ரிக்‌ஷாக்காரன் கபாலியிடம் நீட்டினேன். "இன்னா சார் இது, மெய்யாலுமா?" என்று சந்தோஷமாக வாங்கி ஒரு மடக்கு குடித்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "கோச்சிக்காதே சார். இதுக்கு நம்ம கள்ளே தேவலாம்" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஓசியில் கொடுத்தும் வேண்டாம் என்கிறான்.

29-11-1944

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடையில் கபாலி கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வெள்ளைக்கார மேனேஜர் துரை காதில் விழுந்துவிட்டது. சண்டையால் கப்பல் இல்லை, கடையில் அலமாரி காலி. "உன் மாமனார் ஒயின் வடிக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ருசி பார்க்கலாம்" என்கிறார். இல்லை சார், அது ஒயின் இல்லை சார் என்று எத்தனை தரம் சொல்வது?

ஃப்ளோராவிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. நானாக ஏற்பாடு செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

3-12-1944, ஞாயிறு

மாமா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பூச்சி உருண்டை வாடை. மேஜையில் ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவரே வர்ணம் தீட்டிய லேபிள் — கோயில் கோபுரம், கட்டுமரம், கலங்கரை விளக்கம். பெயர் வேறு! வெல்லத் தண்ணீருக்கு "சாந்தோம் ரூபி".

துரை நெல்லிக்காயைத் தொட்டார். இஞ்சியைத் தொட்டார். அன்னாசியில் மேஜைக்கு அடிக்கும் வார்னிஷ் வாடை. நாவல்பழத்துக்கு வந்தபோது அவருடைய பல்லெல்லாம் ஊதா. கடைசியில் திராட்சை. போன வருஷத்தது ஒன்று, இந்த வருஷத்தது ஒன்று. பழசு புளித்துக் காடியாகிவிட்டது. புதுசு இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று மாமா ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறார். "சார், இந்த நாவலு நம்ம அடையாறு பக்கத்துத் தோட்டத்தது சார்." துரை டம்ளரைக் கீழே வைத்து, "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். மாமா முகத்தில் விளக்கேற்றின மாதிரி.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பிடிக்காத எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். காரில் ஏறும்போது, "மரியதாஸ், உன் மாமனார் நல்ல மனிதர். அடுத்த முறை டீ கொடுக்கச் சொல்" என்றார்.

செத்துப்போகலாம் போல இருந்தது. நாளைக்குக் கடையில் எப்படித் தலை காட்டுவேன்?

10-12-1944, ஞாயிறு

கடையில் வாரம் பூரா கிண்டல். என் பெயரே சாந்தோம் ரூபி ஆகிவிட்டது. அதோடு இன்றைக்கு அங்கே போனால், மாமா ஒரு கட்டு லேபிள் புதிதாக வரைந்து வைத்திருக்கிறார். "துரை எத்தனை பாட்டில் கேட்டாரு மாப்பிள்ளை?"

"குடிச்ச மனுஷன் உயிரோட இருக்காரே, அதுவே பெரிசு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "யாருக்காக மாமா இந்தக் கஷாயம்? யாரு வரப்போறா?"

ஃப்ளோரா சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா என் டம்ளரை எடுத்துப்போய் அவரே கழுவி வைத்தார்.

"நீங்க கிளம்புங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

என்ன சொல்லிட்டேன் இப்போ? எல்லார் மனசிலும் இருக்கிறதைத்தானே சொன்னேன்? சொன்னவன் மட்டும் பாவியா?

25-12-1944

கிறிஸ்துமஸ். ஓட்டல் சாப்பாடு. சாம்பாரா, கழுவின தண்ணீரா என்று தெரியவில்லை. ஃப்ளோரா வரவில்லை. அவளுடைய புடவை கொடியில் அப்படியே கிடக்கிறது. மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன், எப்படி மடிப்பது என்று தெரியவில்லை.

14-1-1945, ஞாயிறு

போனேன். கூப்பிட்டு வருவதற்குத்தான் போனேன், மன்னிப்புக் கேட்க அல்ல.

ஜாடிகளையெல்லாம் கழுவிக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சமையலறையில் தாராளமாக நடக்கலாம். மாமா இல்லை. தபால்காரன் வருகிறானா என்று தெருமுனையில் நிற்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஏது தபால்?

"அது அவருக்கும் தெரியும்" என்றாள் ஃப்ளோரா. "உங்க துரைக்குப் பிடிக்கலன்னா எனக்கென்ன வந்தது? ஜாடியைக் கிளறிக்கினு இருந்த வரைக்கும் சாப்பிட்டாரு, தூங்கினாரு. இப்போ ரெண்டும் இல்ல. நல்ல நாக்கு உங்களுக்கு. போய் மவுண்ட் ரோடுல வச்சிக்குங்க."

திரும்பி வரும்போது தெருமுனையில் அவரைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "சாப்ட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

4-3-1945, ஞாயிறு

இரண்டு மாத ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துக் கட்டி, ஒரு கூடை பெங்களூர் திராட்சையும் வாங்கிக்கொண்டு போனேன். மேஜையில் வைத்தேன். "வெல்லத்தைப் போட்டா அது ஒயினாகாது மாமா, பாயசமாத்தான் ஆகும். ஒரு தடவையாவது ஒழுங்காச் செய்யுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா திராட்சை ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கொல்லையிலிருந்து ஒரு ஜாடியைத் தூக்கி வந்தார். பழத்தைப் பிசைகிறேன் பேர்வழி என்று என் வெள்ளைச் சட்டையை நாசம் செய்தார். குப்பியில் அளக்கச் சொன்னால் கண் மதிப்பில் கொட்டுகிறார். சொன்னால் கேட்கிற ஆளா?

ஃப்ளோரா சட்டையைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்குப் போய் ஊறவைச்சாத்தான் போகும்" என்றாள்.

நம்ம வீட்டுக்கு.

17-6-1945

ஜாடி திறந்தோம். நல்ல சர்க்கரை, நல்ல பழம், கூட நான். அப்படியும் சகிக்கவில்லை.

15-8-1945

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். மாமா அன்னாசி வாங்கப் போய்விட்டார்.

25-11-1945, ஞாயிறு

மர்சலின் வியாழக்கிழமை வந்து சேர்ந்தான்.

துறைமுகத்தில் எனக்கு அடையாளமே தெரியவில்லை, மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். தோளில் சட்டை ஆணியில் மாட்டினது போலத் தொங்குகிறது. மூன்று நாளாகத் தூங்குகிறான், எழுந்து சாப்பிடுகிறான், மறுபடி தூங்குகிறான். ஃப்ளோரா அவன் தட்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

இன்று மத்தியானம் மாமா எல்லாப் பாட்டிலையும் மேஜையில் அடுக்கினார். அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். மர்சலின் ஒரு வாய் வைத்தான். எழுந்து கொல்லைக்கு ஓடித் துப்பினான்.

"இன்னாப்பா இது! மூணு வருஷம் மரவள்ளிக்கிழங்கும் புழுத்த அரிசியும் தின்னேன், அதெல்லாம் உள்ளே போச்சு. இது போவ மாட்டேங்குதே!"

மாமா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஃப்ளோராவும் சிரித்தாள். எனக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"உனக்கு ஒயினைப் பத்தி என்ன தெரியும் மச்சான்? வச்சிட்டுப் போ" என்று கத்திவிட்டேன். அவன் டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

மாமா சிரித்துக்கொண்டே மறுபடி நிரப்பினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.