புதன்கிழமை வகுப்பில் அடிமைக் கதை

புதன், 6 நவம்பர் 1996

காலையிலிருந்து மூடுபனி. முதியோர் இல்லத்தில் பதினொரு கட்டில் விரிப்பு மாற்றிவிட்டு, ஓல்டனில் ஓடிப் பிடித்த ரயிலில் ஆராவ் போய்ச் சேர்ந்தேன்; சுவிஸ் ரயில் ஒரு நிமிடமும் காத்திராது. தேவாலயத்து நிலவறை மண்டபம், ஹீற்றர் வேலை செய்யவில்லை. தமிழ் வகுப்பு: வரவு 7. வீட்டுப்பாடம் செய்தோர் 2.

அமெரிக்க அடிமைக் கதை தொடக்கம். நானே ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, கையால் எழுதிப் பிரதி எடுத்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி, எஜமானிக்குத் தெரியாமல் எழுத்துப் படிக்கிறாள். பிடிபட்டால் சவுக்கு. நிர்மலா வாசித்தாள், வகுப்பில் தடக்காமல் தமிழ் வாசிக்கும் ஒரே பிள்ளை. சவுக்கு விழுந்த இடத்தில் குரல் உடைந்தது. மற்றதுகள் முதல் தடவையாகக் கொட்டாவி விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அபிராமி கேட்டாள்: "ரீச்சர், எங்கட ஊரிலயும் அடிமை இருந்ததோ?"

"இல்லை. எங்கட சனம் அப்பிடிச் செய்யாது."

கூசாமல் சொன்னேன். நிர்மலா கையை உயர்த்தினாள். "எங்கட அம்மாவைக் கிணத்தில அள்ள விடமாட்டினமாம். ஆரும் வந்து ஊத்துமட்டும் குடத்தோட நிக்கோணுமாம்."

"ஏன்?" ஆறு வாயும் ஒன்றாக.

"அடுத்த பக்கம் எடுங்கோ" என்றேன்.

சனி, 9 நவம்பர்

வாங்க: பால், லீக்ஸ், தேங்காய்ப்பால் ரின், மகனுக்குக் கையுறை (போன கிழமை வாங்கினதைத் தொலைத்துவிட்டான், மூதேவி).

தொலைபேசி மூன்று தடவை. எல்லாம் பெற்றோர். அபிராமியின் தாய்: "பிள்ளை வந்து நாங்கள் என்ன சாதி எண்டு கேக்குது. ஒண்டும் தெரியாமல் வளர்த்தனாங்கள், ரீச்சர்." தெரியாமலாம்! போன மாதம் இதே வாய்தான், "நிர்மலான்ர தாய் பலகாரம் கொண்டந்தவ, நான் தொடேல்லை" என்றது. அப்போது நானும் சிரித்தேன்.

புதன், 13 நவம்பர்

மழையும் பனியும் கலந்து சகதி. சப்பாத்துக்குள் தண்ணீர்.

இன்று ஏலக் காட்சி. தாயை விற்கிறார்கள், மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எப்போதும் நிர்மலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அபிராமி பின்வரிசைக்குப் போய்விட்டாள். ஏனென்று கேட்டேன். ஒளிக்கத் தெரியாத பிள்ளை.

"நிர்மலான்ர ஆக்கள் முந்தி எங்கட அப்பப்பா வீட்டில அடிமை வேலை செய்தவையாம். அப்பா சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர். அப்ப நாங்கள் நிர்மலாவை வித்திருக்கலாமோ, ரீச்சர்?"

ஒரே சிரிப்பு. கடைசி மேசையில் ஒருவன் தட்டத் தொடங்கினான். "அஞ்சு பிராங்! பத்து! பல்லைக் காட்டு, பல்லைக் காட்டு!" அரை மணி முன்பு நான் நடித்துக் காட்டிய ஏலக்காரன், வரி பிசகாமல்.

நிர்மலா அழவில்லை. அடுத்த பந்தியை வாசித்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

ஏலம் போட்டவனின் முதுகில் ஒன்று வைத்தேன். அது அவளுக்காகவா, என் பாடத்தைக் கெடுத்ததற்காகவா? இரண்டாவதுதான்.

ஞாயிறு, 17 நவம்பர்

பெற்றோர் கூட்டம். நிர்மலா வீட்டாருக்கு மட்டும் சொல்லவில்லை. தேத்தண்ணி, வடை. வகுப்பை நடத்தும் சங்கத்தின் செயலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"அவளைச் சின்னாக்களின்ர வகுப்பில விடுவம், ரீச்சர். இல்லாட்டி நாலு குடும்பம் பிள்ளையளை நிப்பாட்டுதாம். பிறகு வகுப்பே இல்லை."

எதிர்த்துப் பேச ரயிலிலேயே நாலு வசனம் கட்டி வைத்திருந்தேன். அங்கே போனதும் வாய்க்குள் கொழுக்கட்டை. கடைசியில் வந்தது: "நல்லாய் வாசிக்கிற பிள்ளை, அண்ணை."

"அப்ப சின்னாக்களுக்கு வாசிச்சுக் காட்டட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சீ, என்ன பிறவி நான். இரண்டு வடை வேறு தின்றேன்.

புதன், 20 நவம்பர்

மூடுபனி. வரவு 6. நிர்மலா பக்கத்து அறையில், ஆறு வயதுகளோடு. கதிரை சின்னது, முழங்கால் நெஞ்சில் முட்டுகிறது. ஆனா, ஆவன்னா.

இடைவேளையில் வந்தாள். "நான் எந்த இடத்தில பிழையாய் வாசிச்சனான், ரீச்சர்?"

"பிழையில்லை, அம்மா. நீ கெட்டிக்காரி. அவைக்கு உதவி செய்யத்தான்."

நம்பவில்லை. ஓமென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

கதையில் இன்று அடிமைச் சிறுமி தப்பி ஓடுகிறாள். வாசிக்க ஆளில்லை. நானே வாசித்தேன். அபிராமிக்குக் கண் கலங்கியது. "பாவம், ரீச்சர்" என்றாள்.

வெள்ளி, 22 நவம்பர்

முதல் பனி. மகன் இருமல். பாணி மருந்து, மூன்று வேளை.

பின்னேரம் வீட்டு வாசல் மணி அடித்தது. நிர்மலாவின் தாய். சலவைக்கூட வேலையிலிருந்து நேராக, தலையெல்லாம் பனி.

"நிர்மலா இனி வரமாட்டாள், ரீச்சர். தமிழை வீட்டில நான் சொல்லிக் குடுக்கிறன்."

"இருங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். தேத்தண்ணி ஊற்றியபடி சொல் தேடினேன். அவர் கையில் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். எனக்குக் கண்ணாடிக் கோப்பை. அவருக்கு, மகனின் பிறந்தநாளில் மிஞ்சிய கடதாசிக் கப்.

நினைத்துச் செய்யவில்லை. கை அதுவாகவே எடுத்திருக்கிறது.

அவரும் பார்த்தார். ஆறுதலாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கப்பை நசுக்கித் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"குப்பையை நானே கொண்டு போறன், ரீச்சர். உங்களுக்கேன் கரைச்சல்."