கேம் பெட்டிக்கு மறுபூஜை

என் தங்கக் கண்ணு சரவணா,

விஜயதசமி அன்று காலை உன் அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அம்மா, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு உன் மச்சான், டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உன் மருமகள் தாரணி, மாடியில் குடியிருக்கும் ஜெபமணி அக்கா, அப்புறம் நான். சுவரில் பழனி முருகன். அவரையும் சேர்த்தால் ஆறு பேர். வேறு யாரும் இல்லை. பின்னால் யாராவது வந்து, நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், "ரண்டு நாள்ல வந்துருவேங்கக்கா, அறைய மட்டும் பூட்டி வெச்சிருங்க" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். பூட்டித்தான் வைத்தேன். ஆனால் சும்மா பூட்டி வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தம்பி வேலம்பாளையத்தில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மிஷின்களுக்கு மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய இரும்புக் கடைகளில் நிற்பான். டிவியில் மாட்டி ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டி எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், பொங்கலூரில் யார் வீட்டுப் பரணாக இருந்தாலும், உடுமலையில் தேங்காய்க் குடோனாக இருந்தாலும் போய் வாங்கி வருவான். செத்துக் கிடந்ததைப் பிரித்துத் துடைத்து, ஈயம் பற்ற வைத்து, ஓட வைப்பான். அப்படிச் சேர்ந்தவை ஏழு பெட்டி, அறுபத்திரண்டு கேம் கேசட். ஊரில் சிரித்தார்கள். கல்யாணம் கட்டாமல் பொம்மை ஆடுகிறான் என்றார்கள்.

தாரணி வயதுக்கு வந்த சீரில் என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? தாய்மாமன் சீர்த்தட்டில் பட்டுப்புடவைக்கு மேலே ஒரு கேம் பெட்டியை வைத்து, மல்லிகைப் பூ சுற்றி, சபை நடுவில் கொண்டுவந்து இறக்கினாய். உன் மச்சானின் சித்தி விடவில்லை.

"ஏந் தம்பி, மாமஞ்சீருன்னா பவுனு வரும்னு பாத்தா, வெளையாட்டுப் பொட்டியல்லொ வருது?"

"பவுனு பீரோவுல தூங்குமுங்க அத்தை. இது தூங்காதுங்க."

எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் புடவை மடிப்புக்குள் இருந்து தோட்டை எடுத்துக் காட்டினாய். நான் அன்று வெட்கத்தில் குனிந்திருந்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை கண்ணு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு அறையை வாடகைக்கு விடச் சொன்னார்கள். பெட்டிகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். நானோ, வீட்டுக் கணக்கு நோட்டில் பால், மளிகை, கரண்ட் பில் இவற்றோடு 'தம்பி அறை' என்று ஒரு தலைப்புப் போட்டேன். உன் மச்சான் பார்த்தார். அதற்கும் பணம் சேர்த்தே கொடுத்தார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

நம் ஊரில் எதிரி யார் என்று உனக்கே தெரியும், பஞ்சுத் தூசி. கதவைச் சாத்தினாலும் வரும். ஜெபமணி அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர். "கப்பல்ல ஒரு மாசம் போற சரக்கே பூஞ்சணம் பூக்காம போய்ச் சேருதுல்லா, இது நம்ம ஊட்டுக்குள்ளதான இருக்கு" என்று அவர்தான் வழி காட்டினார். ஒவ்வொரு கேசட்டும் தனிக் கவரில். கவருக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம். அப்புறம் கெட்டி அட்டைப் பெட்டி, விளிம்பெல்லாம் டேப். பொட்டலத்து மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கென்றே ஒதுக்கிய வாணலியில் சூடு காட்டி மறுபடி வைப்பேன். அந்துருண்டை வைக்கவில்லை. பிளாஸ்டிக் பிசுபிசுத்துவிடும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. வெயில் பட்டால் மஞ்சளாகும் என்றாய், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். டிவி ரிமோட்டின் பேட்டரி கட்டைகளைக் கழற்றித் தனியே வைத்தேன். ஒயரைக் கூட முறுக்காமல் எட்டுப் போல மடித்திருக்கிறேன், வந்து பார்.

போன மழையில் மாடித் தொட்டிக் குழாய் விட்டுப்போய், உன் அறைத் தரையில் கணுக்கால் தண்ணீர். அம்மா, "சாமீ, எம் பையன் சாமானமெல்லாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் அழவில்லை. எல்லாவற்றையும் மரப் பலகை மேல், தரைக்கு ஒரு முழம் உயரத்தில் அடுக்கியிருந்தேன். ஒன்றுகூட நனையவில்லை. அன்று முருகனுக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கும் குறை வைக்கவில்லை. முன்பக்கக் கொட்டகையில் உன் மச்சானின் நாலு தையல் மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு உன் அட்டைப் பெட்டிகளுக்கும் வைப்பேன். வெளியே மட்டும். அம்மா ஒரு வருடம் கேசட்டின் வாயிலேயே சந்தனத்தை அப்பிவிட்டு, நீ நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தாயே.

இந்த வருடமும் அப்படித்தான். பூஜை முடிந்து மறுநாள் காலை, வழக்கம்போல உன் மச்சான் மறுபூஜை போட்டுவிட்டு, ஒவ்வொரு மிஷினிலும் ஒரு துண்டு வேஸ்ட் துணியைக் கொடுத்து ஓட்டினார். பூசை போட்டதோடு விட்டால் மிஷின் இறுகிப் போகும் என்பார். நாலையும் ஓட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே உன் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்புள்ள, மூணு வருசமா உந்தம்பி பொட்டிக்குப் பூசை மட்டுந்தான் போடறோம். மறுபூசை?"

 இது தூங்காது என்று சபையில் சொன்னாயே, அதைத்தானே நான் மூன்று வருடம் பத்திரமாகத் தூங்க வைத்திருக்கிறேன்.

உன் பழைய முதுகு வைத்த டிவியை உன் மச்சானும் தாரணியும் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். டேப்பைக் கத்தரிக்கும்போது ஜெபமணி அக்கா, "பாத்து, பைய. நான் ஒட்டுன டேப்பு, கஸ்டம்ஸ்காரனே மலைச்சு நிப்பான்" என்றார். நீ கடைசியாக ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாம்பல் நிறக் கேசட்டை எடுத்தேன். உன் மச்சான் பழக்கதோஷத்தில் அதை வாயருகே கொண்டுபோய் ஊதப் போனார்.

"அப்பா, ஊதாதீங்க. எச்சி பட்டா தகடு கறுத்துரும். மாமா இருந்திருந்தா உங்களத் திட்டியிருப்பாரு" என்றாள் தாரணி.

"உங்க மாமன் என்னைய என்னைக்குத் திட்டுனான்?"

"மனசுக்குள்ள திட்டுவாருங்கப்பா."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினோம். முதலில் வெறும் கோடுகள். தாரணி எடுத்து மறுபடி மாட்டினாள். பாட்டு வந்தது சரவணா. அதே பாட்டு. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. புதிதாகத் தொடங்கவா, விட்ட இடத்தில் இருந்து தொடரவா. நானே படித்தேன். எட்டாவதோடு நின்றவள், உன் கேசட் லேபிள்களை எழுத்துக் கூட்டித்தானே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். தாரணி தொடர்வதை அழுத்தினாள். ஒரு ஆறு. ஒரு மரப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கையில் கம்போடு ஒரு சின்ன உருவம். மேலே பெயருக்கு நாலு எழுத்துக்குத்தான் இடம். அதில் நீ போட்டிருந்த பெயரையும் நானே படித்தேன். ஏ, கே, கே, ஏ.

அக்கா.

ஏன் கண்ணு? உன் பெயர் அதில் அடங்காது, சரி. சுருக்கிப் போட்டிருக்கலாமே. என்னை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போனாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

 அம்மாதான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா ஏஞ்சாமி பாலத்துக்குட்டயே நிக்கறா? தாண்டி உடுங்களே" என்றார்.

தாரணி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாலந் தாண்டுனா அதுவாவே சேமிச்சுக்கும், மாமா விட்ட எடம் அழிஞ்சுருங்கம்மா. இந்தக் கேம்ல ஒரு எடந்தான். ஆடாம வெச்சாலும், உள்ளாற இருக்கற பேட்டரி தீந்துச்சுன்னா தானாப் போயிரும். நீங்களே சொல்லுங்க."

தெருமுனை செல்போன் ரிப்பேர்க்காரரிடம் கேட்டேன். பேட்டரி மாற்றலாம், மாற்றினால் உள்ளே இருப்பது போய்விடும் என்றார். வெளிநாட்டில் நகல் எடுக்கும் கருவி உண்டாம். இந்தக் கேசட்டுக்குப் பொருந்துமா என்று தாரணி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பொருந்தினாலும், அது நீ நின்ற இடமா, நீ நின்ற இடத்தின் போட்டோவா?

அன்று அணைத்து வைத்துவிட்டோம். மற்ற ஆறு பெட்டிகளையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஓடுகிறது. ஒன்றுகூடச் சாகவில்லை. சிரித்தவர்கள் யாராவது வந்தால் சொல்வேன், என் தம்பி ஓட வைத்ததை நான் ஓடும்படியே வைத்திருக்கிறேன் என்று.

இனி ஒரு வாக்கு. ஒவ்வொரு வருடமும் பூஜையோடு மறுபூஜையும் உண்டு. ஏழு பெட்டியும் ஓடும். உன் அறையில் இனி எதுவும் தூங்காது. மற்றதோடு சேர்த்து நான் பூட்டி வைத்திருந்த அந்தச் சீர்ப் பெட்டி, தாரணி கைக்கே போகும்.

அந்த ஒரு கேசட்டுக்கு மட்டும் உன் சொல் வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்கப் போகிறேன். வெள்ளைப் பூ வந்தால் தாண்டுவோம். சிவப்பு வந்தால் இருக்கிறபடி இருக்கட்டும். இல்லை, அம்மா கனவில்தான் வருவேன் என்றால் அங்கே வந்து சொல்லு. உள்ளே இருக்கிற பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அது நமக்காகக் காத்திருக்காது. நான் தாண்டட்டுமா, நிற்கட்டுமா? சீக்கிரம் பதில் சொல்லு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற
உன் அக்கா