சத்து மாத்திரை என்று சொன்னது

அன்பு மகளுக்கு,

என் வலிப்பு மாத்திரையை என்னைக் கேட்காமல் மாற்றினீர்கள், மாற்றியதை என்னிடம் மறைத்தீர்கள், அதனால் நான் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டதும் என்னையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானா, பேத்திக்கு இருமல் நின்றதா? நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் மாத்திரை அளவை இன்னும் கூட்டச் சொல்வாய். ஆகவே இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசியதும் "அம்மா, இது நீ பேசல, மாத்திரை பேசுது, அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இதே பதில்தான். கதவைத் திற என்றால் மாத்திரை பேசுகிறது, எனக்குப் பசியில்லை என்றால் மாத்திரை பேசுகிறது. அதனால் இதை மூன்று நாளாக எழுதுகிறேன். கோபம் ஏறுகிற மாதிரி இருந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன். இதில் உள்ளது அத்தனையும் நான்தான், ஒரு வரியைக்கூட மாத்திரையின் தலையில் கட்ட முடியாது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். முப்பத்தொரு வருடம் ஒரே மாத்திரை, ராத்திரி சாப்பிட்டபின் ஒன்று. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வலிப்பு எட்டிப் பார்க்கும், போய்விடும். அந்த ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டுதான் உன் அப்பா போனபின் மிக்ஸியும் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்த்து உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்த மாத்திரையால் ஈறு வீங்கியதும் எனக்குத் தெரியும், எலும்பு கரைந்ததை மட்டும் முக்காலியிலிருந்து இறங்கும்போது மணிக்கட்டு முறிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றார். உன் தம்பி போனோடு உள்ளே போனான், போனில் நீ. இத்தனை தூரத்தில் இருக்கிற நீ அந்த அறைக்குள் இருந்தாய், பத்தடியில் பெஞ்சில் இருந்த நான் இல்லை. மருந்தை மாற்ற முடிவு செய்தது சரியாகவே இருக்கலாம், அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. "அம்மாகிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டாங்க, ஊரைக் கூட்டுவாங்க" என்று நீ உள்ளே சொன்னதை மருமகள் பின்னால் என்னிடம் சொன்னாள், அதைப் பற்றித்தான் வழக்கு. ஊரைக் கூட்டியிருப்பேன், உண்மைதான். கூட்டி முடித்தபின் ஒத்துக்கொண்டும் இருப்பேன்.

என் கையில் மாவுக்கட்டு, டப்பா மூடியைத் திருக முடியாது, அதனால் மருமகள்தான் மாத்திரை எடுத்துத் தந்தாள். ராத்திரி பழைய மாத்திரையோடு வேறு மாதிரி ஒன்றும் இருக்கிறதே என்றேன். "கம்பெனி மாறிடுச்சு அத்தை, மருந்து அதேதான், பழசைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இதுக்கு மாறணுமாம்" என்றாள். காலையில் புதிதாக ஒன்று நீட்டினாள், எலும்புக்குச் சத்து மாத்திரை என்றாள். எனக்கும் சத்து மாத்திரைக்கும் ஆகாது, போன தடவை தின்று வயிறு கல்லாகிப் போனது உனக்கு நினைவிருக்கும். அவள் மனம் நோக வேண்டாம் என்று வாங்கி நாக்கடியில் ஒதுக்கிவைத்து, அவள் போனதும் துடைத்து ஸ்குரு டப்பாவில் போட்டுவிடுவேன். அந்தப் புது மருந்து காலையும் ராத்திரியும் சாப்பிட வேண்டியது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒன்றரை மாதம் பாதி அளவில் ஓட்டியிருக்கிறேன். பழையதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததால் அதுவரை தாங்கியது. அது அடியோடு நின்ற ஒன்பதாம் நாள், பட்டறை அறையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்தபடி விழுந்தேன். இடது முன்கையில் விரல் நீளத்துக்குத் தோல் போயிற்று.

நீங்கள் உடனே டாக்டரிடம் பேசி அளவைக் கூட்டினீர்கள். அவர் மேல் குற்றமில்லை, முழு மாத்திரை சாப்பிட்டும் விழுந்தாள் என்றுதானே அவர் நினைத்தார். உன் தம்பி பட்டறையைப் பூட்டினான், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினான், அவனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வாசல் கதவையும் வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். தாழ்ப்பாளைக் கழற்றியதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை, இரண்டு ஸ்குரு மரத்திலேயே துருத்திக்கொண்டு புடவையைக் கிழிக்கிறது. அதை எடுக்கலாமென்று திருப்புளி தேடி ஸ்குரு டப்பாவைத் தரையில் கொட்டினேன். நான் ஒதுக்கிய சத்து மாத்திரைகளை அன்றுதான் உற்றுப் பார்த்தேன், சில முழுசாக, சில ஓரம் கரைந்து. ராத்திரி மாத்திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நீளம், அதே கோடு, அதே எழுத்து. இரண்டு உதிரிப் பாகம் ஒன்றா வேறா என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணி சொல்லச் சொன்னாங்க அத்தை, நான் சொன்னேன், நீங்க துப்புவீங்கன்னு சத்தியமா நினைக்கல." அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, துணி மடித்தது சரியில்லை என்று அவளை நான் சொன்ன சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. அது மாத்திரைக் கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். அளவு கூட்டிய பிறகு வந்தது. சுமை கழற்றிய மோட்டார் மாதிரி காரணமே இல்லாமல் அலறிக்கொண்டு ஏறும், இறங்கியபின் உடம்பு நடுங்கும். உங்கள் மேல் இருக்கிற கோபம் அப்படியில்லை, அது நிதானமாகக் காலையில் என்னோடு எழுந்து ராத்திரி என்னோடு படுக்கிறது. இரண்டும் எனக்குப் பிரித்துத் தெரிகிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

சரி, டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லலாம் என்றால் உன் தம்பி "மறைச்சுக் குடுத்தோம்னு எப்படிம்மா சொல்றது, மானம் போயிடும்" என்கிறான். அவன் மானத்தைக் காப்பாற்ற நான் தேவைக்கு மேல் மருந்து தின்றுகொண்டு, பூட்டிய வீட்டில் என் கோபத்துக்கு நானே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய மருந்துக்குத் திரும்பினால் எலும்பு போகும். இதே அளவில் இருந்தால் மருமகளைத் திட்டித் துரத்திவிடுவேன். நம் தெரு மருந்துக்கடைக்காரர் ஜன்னலோரம் வந்தபோது கம்பி வழியாகவே கேட்டேன். மூன்றாவதாக ஒன்று உண்டாம், எலும்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லையாம், ஆனால் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிடுமாம். "எது உங்களுக்கு ஒத்துவரும்னு டாக்டர்தான் பாக்கணும். அதுவரைக்கும் நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, விழுந்துடுவீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நிறுத்தவில்லை. இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு வேளையும் விழுங்குகிறேன், நாக்கைத் தூக்கியும் காட்டுகிறேன்.

குளிரில் பேத்திக்குக் காது மூடுகிற தொப்பி போடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன், ஒன்றையும் விடாதே.

நீ, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டருக்குப் போன் செய்து, காலை மாத்திரை என் வயிற்றுக்குள் போகவே இல்லை என்பதையும் ஏன் போகவில்லை என்பதையும் உன் வாயால் சொல்ல வேண்டும். உன் தம்பி ஒரு நாள் லீவு போட்டு என்னைக் கூட்டிப்போக வேண்டும், இந்தத் தடவை நான் உள்ளே, அவன் பெஞ்சில். டாக்டர் மூன்று மருந்தையும் அதனதன் கெடுதலோடு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விழாமல் இருப்பதற்கு எதை எவ்வளவு தாங்குவேன் என்பதை நான் அவருக்குச் சொல்வேன். மருமகள் மாத்திரை அட்டையைப் பெயரோடு என் கையில் தர வேண்டும், நான் அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும், காரணமில்லாமல் கத்தினேன் என்றால் நாளும் நேரமும் அவள் குறித்துவைக்க வேண்டும், நான் மறுக்கமாட்டேன். வீட்டில் ஆளில்லாதபோது பற்றவைக்கும் கோலைத் தொடமாட்டேன், இது என் பங்கு. வாசல் சாவியில் ஒன்று என்னிடம் வர வேண்டும். பதிலை நீ கடிதமாகவே எழுத வேண்டும். மருந்துக்கடைக்காரர் நாளைக்குப் பழுதான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவார், இதைத் தபாலில் போட வேண்டியது அவர். கம்பி வழியாகக் கடிதம் வெளியே போகும், பெட்டி உள்ளே வராது. கதவு திறக்கும்வரை அவர் கசங்கிய சட்டைதான் போட வேண்டும்.

இப்படிக்கு,
பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து
உன் அம்மா