என் புகாரைக் காட்டிக் கோயில் குளத்தை மூடக் கூடாது

அனுப்புநர்:
தேவமலர் த/பெ காளிதாஸ்,
மலர் தையல் கடை,
எண் 6, ஜாலான் கிலாங் லாமா,
புக்கிட் மெர்பாவ், ஜாசின் வட்டாரம்,
மலாக்கா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
புக்கிட் மெர்பாவ் நகராண்மைக் கழகம்,
மலாக்கா.

பொருள்: மாரியம்மன் கோயில் குளத்தை மண் கொட்டி மூடும் உத்தரவை எதிர்த்தும், அந்த உத்தரவில் என் பெயரைச் சேர்த்ததைக் கண்டித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று தொடங்குவதுதான் முறை. போன தடவை அப்படித்தான் எழுதினேன். கடைக்குள் கொசு தாங்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டேன். தாங்கள் செய்தது என்னவென்றால், குளத்தை மூடி வாகன நிறுத்துமிடம் ஆக்குவதாகக் கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியதுதான். காரணம் என்ற இடத்தில் 'திருமதி தேவமலர் அளித்த புகாரின் பேரில்' என்று போட்டிருக்கிறீர்கள். நிர்வாகத்தார் அந்தக் கடிதத்தைக் கோயில் வாசல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த அத்தனை பேரும் படித்தார்கள்.

என் கடைக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் வேலாயி அக்கா எல்லார் முன்னாலும், "கொசு கடிச்சா சாம்பிராணி போட வேண்டியதுதானே லா? கொளத்தையே தூர்க்க வெச்சிட்டியே" என்று கேட்டார். மறுநாளே வந்து, தீபாவளிக்கென்று என்னிடம் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஜாசினில் தைக்கக் கொடுத்துவிட்டார். துணி போனால் போகட்டும். ஆனால் அம்மன் குளத்தை மூடியவள் என்ற பெயரைச் சுமந்துகொண்டு இந்த ஊரில் நான் இருக்க முடியாது, ஐயா. ஆகவே இந்த மனு. மலாய் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். தமிழில் எழுதக் காரணம், எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

1. தங்கள் கடிதம் இக்குளத்தைப் 'பயன்பாடற்ற நீர்த்தேக்கம்' என்கிறது. ரப்பர் தொழிற்சாலைக்காக வெட்டிய குளம் இது. தொழிற்சாலை போய், ரப்பர் போய், சுற்றிலும் செம்பனைத் தோட்டம் வந்த பிறகும் குளம் இருக்கிறது. ஆண்டுதோறும் திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்துப் பாலிப்பது இதன் படித்துறையில்தான். அம்மன் குளத்து மீனை யாரும் பிடிக்கக் கூடாது என்பது ரப்பர் தோட்டக் காலத்திலிருந்தே கட்டுப்பாடு. திதி கொடுத்தவர்கள் இங்கே வந்து மீனுக்குப் பொரி போடுவது வழக்கம். இதெல்லாம் பயன்பாடு இல்லையென்றால் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

2. முன்பு இக்குளத்தில் பாதிக்கு மேல் அல்லியும் கோரையும் இருந்தன. லோங்காங் சாக்கடையில் நெளியுமே, அந்தப் பொடி மீன் இங்கே கூட்டம் கூட்டமாக இருந்தது. கொசுப்புழுவைத் தின்றது அதுதான். தவளைக் குஞ்சு இருந்தது, தட்டான் இருந்தது, சேற்றில் விரால் இருந்தது. விரால் பொடி மீனைத் தின்னாதா என்று கேட்பீர்கள். தின்னும். ஆனால் ஓடி ஒளிய அல்லித் தண்டும் கோரையும் இருந்ததால் தின்றது போக மிச்சம் எப்போதும் இருந்தது. மீன்கொத்தியும் கொக்கும் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போகும். யாரும் யாரையும் அடியோடு அழிக்கவில்லை. அந்தக் காலத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கு வைத்த பிறகும் தைத்திருக்கிறேன். கொசு இல்லாமல் இல்லை, பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தது.

3. போன வருடம் தங்கள் கழகம் இங்கே தூண்டில் போட்டி நடத்தியது. தூண்டில் சிக்குகிறது என்று இயந்திரம் கொண்டு வந்து அல்லியையும் கோரையையும் வாரி எடுத்தீர்கள். போட்டி மீனைத் தின்றுவிடும் என்று வலை போட்டு விராலைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பிறகு லாரியில் பீக்காக் பாஸ் வந்தது. பார்க்க அழகான மீன், மஞ்சள் உடம்பு, வாலில் கண் மாதிரி வட்டம். வெளிநாட்டு மீன். வாய்க்கு அடங்கும் எதையும் விடாது.

அன்று எங்கள் ஆட்கள் செய்ததையும் மறைக்கவில்லை. கோயில் தலைவர் சாமிநாதன் அண்ணன் மேளத்தோடு அந்த லாரியை எதிர்கொண்டார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், ஓட்டுநருக்கு மாலையும் போட்டார். குளத்தைக் காலி பண்ண வந்தவனுக்கு ஊரே கூடி ஆரத்தி எடுத்தது. பந்தலும் நாற்காலியும் கழகத்தின் செலவு என்றதும் யாருக்கும் வேறு கேள்வி தோன்றவில்லை.

4. போட்டி முடிந்தது. பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள். பிடிபடாத மீன் குளத்திலேயே தங்கிவிட்டது, அதுதான் அதிகம். மறுநாளே சாமிநாதன் அண்ணன் படித்துறையில் நின்று, "போட்டி முடிஞ்சிருச்சு. இனிமே இது அம்மன் கொளத்து மீனு. யாரும் கைய வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று பழைய கட்டுப்பாட்டை மறுபடி போட்டார். புதிதாக வந்த மீனுக்கும் அம்மன் காவல் கிடைத்துவிட்டது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. நாங்கள் வழக்கம்போலப் பொரி போட்டுக்கொண்டே இருந்தோம். பீக்காக் பாஸ் பொரி தின்னாது. பொரிக்கு ஆசைப்பட்டுப் பொடி மீன்தான் நடுக்குளத்துக்கு வரும். ஒளிய ஒரு இலை கிடையாது. கீழே அது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். தண்ணீர் சளசளவென்று கொதித்ததைப் பார்த்து, மீன் எவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிடுகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டோம். முன்னோர் பெயரைச் சொல்லிப் பந்திக்கு அழைத்து அத்தனை பொடி மீனையும் காட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். கடைசியில் பொரி அப்படியே மிதந்து ஊறிக் கரை ஒதுங்கியது. பொடி மீன் தீர்ந்துபோனதால் மீன்கொத்தியும் வரவில்லை.

5. அதற்குப் பிறகுதான் கொசு. அப்போதுதான் நான் புகார் கொடுத்தேன். தாங்கள் ஆள் அனுப்பிக் குளக்கரை முழுக்க மருந்துப் புகை அடித்தீர்கள். கொசு ஒரு வாரம் அடங்கியது. தட்டான் அதோடு போனது போனதுதான், மறுநாள் காலையில் என் கடை வாசலில் செத்துக் கிடந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கினேன். கொசுவைப் பறந்து பிடிக்க மிச்சமிருந்த ஒன்றையும் கொன்றுவிட்டு, அடுத்த வாரம் கொசு திரும்பி வந்ததும் குளத்தின் மேல் பழி போட்டீர்கள். பின்தெருவில் டிங்கிக் காய்ச்சல் வந்ததும் அந்தப் பழி உறுதியாகிவிட்டது. டிங்கிக் கொசு குளத்தில் அல்ல, வாளியிலும் பூச்சட்டியிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது என்று தங்கள் அலுவலக வாசலிலேயே சுவரொட்டி இருக்கிறது. அந்தத் தெருவில் அள்ளாமல் கிடக்கும் குப்பையை முதலில் போய்ப் பார்க்கத் தங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

6. நான் சும்மா கத்துகிறவள் அல்ல. இங்குள்ள இடைநிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை பவானேஸ்வரியிடம் கேட்டேன். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் இரண்டு வாளி நிறையக் குளத்துத் தண்ணீரை வைத்து, ஒன்றில் மட்டும் லோங்காங் மீனை விடச் சொன்னார். விட்டேன். கொஞ்ச நாளில் டிங்கிச் சோதனை என்று தங்கள் சுகாதார அதிகாரி சுகுமாரன் டார்ச்சோடு வந்து சேர்ந்தார். மீனில்லாத வாளியைப் பார்த்து, "அக்கா, ஜெந்திக் புழு நெளியுது. கம்பவுண்ட் அபராதம் போடாம போக முடியாது, கோவிச்சுக்காதீங்க" என்றார். இந்த வாளியையும் பாருங்கள் தம்பி என்றேன். கலக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "இதுல ஒரு புழுகூட இல்லியே. என்னா மருந்து போட்டீங்க?" என்று கேட்டார். மீனைக் காட்டினேன். அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அபராதத்தைக் கட்டிவிட்டேன், முணுமுணுக்கவே இல்லை. ஒரு வாளியில் புழு இருந்தது, பக்கத்து வாளியில் இல்லை என்பதற்குத் தங்கள் அதிகாரியே சாட்சி. மீனில்லாத வாளி வைத்திருந்த எனக்கு அபராதம் என்றால், ஒரு குளத்தையே மீனில்லாத வாளியாக ஆக்கியவர்களுக்கு யார் அபராதம் போடுவது என்று கேட்கிறேன்.

7. விஷயம் புரிந்ததும் கோயில் நிர்வாகத்திடம் போய், பீக்காக் பாஸைப் பிடித்தாக வேண்டும் என்றேன். சாமிநாதன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, குளத்து மீனைத் தொட்டால் தெய்வக் குற்றம் என்றார். சரி, அம்மனையே கேட்போம் என்றேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக வெற்றிலையில் கட்டிச் சந்நிதியில் போட்டோம். வெள்ளை வந்தால் பிடிக்கலாம் என்று பேச்சு. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. அண்ணன் இன்னொரு தடவை போடலாம் என்றார். இன்னொரு தடவையும் வெள்ளைதான். அண்ணன் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தூண்டிலும் வலையுமாகப் பிடிக்கிறோம். முதல் மீனைத் தூக்கியது வேலாயி அக்காதான். துணியை இன்னும் திருப்பிக் கொண்டு வரவில்லை, ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் தூண்டில் போடுகிறார். மீனை என் கடைப் பின்கட்டில் குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுத்தோம். சாமிநாதன் அண்ணன் வீட்டுக்கும் ஒரு சட்டி போனது. சட்டி கழுவித் திரும்பி வந்தது. படித்துறை ஓரத்தை வலை கட்டி அடைத்து, அல்லிக் கிழங்கு நட்டு, லோங்காங் மீன் விட்டிருக்கிறோம். போன வாரம் அங்கே தவளைக் குஞ்சைப் பார்த்தேன். குளம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கெடுக்க ஒரு நாள் போதுமாக இருந்தது, பழையபடி ஆக வருடங்கள் பிடிக்கும், ஒன்றிரண்டு உயிர் திரும்பாமலும் போகலாம் என்று பவானேஸ்வரி டீச்சர் சொல்கிறார்.

8. இந்நிலையில் தங்கள் காவலாளி வந்து, குளம் கழகத்தின் சொத்து, இனி மீன் பிடித்தால் வழக்கு என்று எச்சரித்துவிட்டுப் போனார். தூண்டில் போட்டியின்போது பிடிக்கச் சொன்னதும் இதே கழகம்தான். அதே மீன், அதே குளம். பந்தலும் படமும் இல்லாமல் பிடித்தால் மட்டும் குற்றம் என்றால், குற்றவாளிகள் பட்டியலில் முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் நிறுத்தப் போவதில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. தீபாவளி முடிந்த திங்கட்கிழமை மண் லாரி வரும் என்ற உத்தரவை ரத்துச் செய்யுங்கள். வாரி எடுத்த அல்லியையும் கோரையையும் கழகத்தின் செலவில் திரும்ப நட்டுத் தாருங்கள், பிடித்துக்கொண்டு போன விராலுக்குப் பதில் விரால் விடுங்கள். குளக்கரையில் இனி மருந்துப் புகை அடிக்க வேண்டாம். இன்னொரு போட்டி நடத்தத் தோன்றினால் கோலிகுண்டு விளையாட்டு நடத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், என் புகாரைச் சரியாக ஒருமுறை படியுங்கள். கொசுவைக் குறைக்கச் சொன்னேன். குளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. கொசுவைத் தின்கிறவர்கள் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு, அதை நான் கேட்டதாக எழுதுவது அநியாயம்.

இத்தனை சொன்ன பிறகும் மூடத்தான் போகிறோம் என்றால், உத்தரவில் என் பெயரை அடித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைக் கோயில் பலகையில் தாங்களே வந்து ஒட்டுங்கள். ஊர் படிக்கட்டும்.

என் தையல் இயந்திரம் காலால் மிதிப்பது, மின்சாரம் வேண்டாம். தீபாவளிக்கு மறுநாள் அதைக் கரகம் பாலிக்கும் படித்துறைக்குக் கொண்டு போய்விடுவேன். லாரி வந்தால் நான் அங்கேதான் தைத்துக்கொண்டிருப்பேன். மண்ணைக் கொட்ட வேண்டுமானால் முதலில் என்னையும் இயந்திரத்தையும் தூக்க வேண்டும். இயந்திரம் இரும்பு, நல்ல கனம்.

இம்மனுவுக்கான பதிலைத் தீபாவளி வரை மேற்கண்ட கடை முகவரிக்கு அனுப்பலாம். அதற்குப் பிறகு குளக்கரைக்கு அனுப்பவும்.

இணைப்பு: மலாய் மொழிபெயர்ப்பு, என் முதல் புகாரின் நகல், அபராதம் கட்டிய ரசீது.

இடம்: புக்கிட் மெர்பாவ்
நாள்: 7 அக்டோபர் 2024

இப்படிக்கு,
கொசுவைப் பற்றி மட்டும் புகார் கொடுத்த,

(கையொப்பம்)
தேவமலர் த/பெ காளிதாஸ்